கதவுகளின் உரிமையாளர்

நம்பாதவர்களிடம் இதைச் சொல்லிச் சலித்துவிட்டேன். ஆனால் நடந்தது நடந்ததுதான். அதுவும் ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில்.

அலுவலகத்தின் டேட்டாபேஸ்களைப் பராமரிப்பது என் வேலை. எனக்கு முன்னால் அதைச் செய்தவரைக் கண்ணாடி என்றுதான் கூப்பிடுவோம். சோடாபுட்டிக் கண்ணாடி, கூடவே ஆஸ்துமா. நீண்ட விடுமுறை முடிந்து நாங்கள் வந்தபோது சர்வர் அறைக்குள் இறந்து கிடந்தார். போன் சிக்னல் எட்டாத அறை. மாரடைப்பு என்றார் மேனேஜர்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் என்னை வரச் சொன்னார். மறுநாள் தணிக்கைக்கு ஆள் வருகிறார்களாம்.

"செத்தவன் பேரு இன்னும் சிஸ்டத்துல உக்காந்திருக்கு. தூக்கிடு."

லேசில் தூக்க முடியாது. ஒருவர் பெயரில் ஒரே ஒரு டேட்டாபேஸ் இருந்தாலும் அவர் கணக்கை நீக்க சிஸ்டம் விடாது. அவருக்குச் சொந்தமானவை எவை என்று முதலில் டேட்டாபேஸின் மொழியான எஸ்.க்யூ.எல்.லில் கேட்க வேண்டும். அவற்றை வேறொருவர் பெயருக்கு மாற்ற வேண்டும். பிறகுதான் நீக்கலாம்.

கேட்டேன். இரண்டு வந்தன. சம்பளம். சரக்கு. இரண்டையும் மேனேஜர் பெயருக்கு மாற்றினேன். சரிபார்க்க மறுபடி கேட்டேன்.

ஒன்று வந்தது. கதவுகள்.

எந்தக் கார்டு எந்தக் கதவைத் திறக்கும் என்பது அதில்தான் இருக்கிறது. முதல் தடவை அது வரவில்லை. மாற்றினேன். கேட்டேன். கண்ணாடி பெயரிலேயே இருந்தது. மறுபடி மாற்றினேன். மறுபடியும்...

"செத்தும் சீட்ட விடமாட்டேங்கிறானா?" மேனேஜர் சிரித்தார்.

பீப் பீப்.

கார்டை ஏற்காதபோது கதவு போடும் சத்தம். சர்வர் அறையில். உள்பக்கம். அங்கிருந்து வெளியே வரவும் கார்டு வேண்டும்.

பீப் பீப்.

"யாரு உள்ள?"

மேனேஜர் தன் கார்டைக் காட்டித் திறந்தார். உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

யாரும் இல்லை என்று குரல் கொடுத்தார். பிறகு வெளியே வரக் கார்டைக் காட்டியிருக்கிறார்.

பீப் பீப்.

வெளியிலிருந்து என் கார்டைக் காட்டினேன். பீப் பீப். வாட்ச்மேனுக்கு போன் போட்டேன். என் கம்ப்யூட்டருக்கு ஓடிவந்து கதவுகள் டேட்டாபேஸை மாற்றப் பார்த்தேன். அனுமதி இல்லை என்றது. எனக்கே.

கதவுக்குப் பின்னால் மேனேஜர் பேசத் தொடங்கினார். என்னிடம் அல்ல.

"நீ உள்ள இருக்கேன்னு தெரிஞ்சுதான்டா கார்ட கேன்சல் பண்ணேன். ஒரு மணி நேரம் பயந்து கிடக்கட்டும்னு. ஊருக்குக் கிளம்புற அவசரத்துல... மறந்துட்டேன்டா."

மூச்சு இழுக்கும் சத்தம். விசிலடிப்பது போல. மேனேஜருக்கு ஆஸ்துமா கிடையாது.

பீப் பீப்.

பீப்...

நின்றது.

வாட்ச்மேன் கடப்பாரையோடு வந்தார். தேவைப்படவில்லை. தொட்டதும் கதவு திறந்தது. மேனேஜர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு நீலம்.

மாரடைப்பு என்றார்கள்.

சில வாரம் கழித்து, புது மேனேஜர் பழையவர் கணக்கை நீக்கச் சொன்னார். சம்பளத்தையும் சரக்கையும் அவர் பெயரிலிருந்து மாற்றினேன். அப்போதும் சிஸ்டம் மறுத்தது. அவருக்குச் சொந்தமானவை எவை என்று கேட்டேன்.

ஒன்று. கதவுகள்.

நான் அன்று மாற்றியது எதுவும் ஒட்டவில்லை. சிஸ்டத்தின் பதிவைப் பார்த்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை, பீப் நின்ற நிமிடத்தில், கண்ணாடியின் கணக்கே அதை மேனேஜர் பெயருக்கு மாற்றியிருந்தது. உடனே அந்தக் கணக்கு தன்னைத்தானே நீக்கிக்கொண்டிருந்தது.

கதவுகளை வேறு பெயருக்கு மாற்றி, பழைய மேனேஜரை அங்கிருந்து விடுவிக்க ஒரு வரி போதும். நான் எழுதவில்லை.

"அவர் கணக்கு போகாது சார். இருக்கட்டும்," என்றேன்.

சர்வர் அறை காலியாக இருக்கும்போது இன்றும் உள்ளிருந்து கேட்கிறது.

பீப் பீப்.