வில்லனைக் கொல்ல முடியாத வாரம்

எழுபதுகளின் கடைசியில் குன்னத்தில் திருவிழா நாடகம். மேடைக்கு மூங்கில் வந்து இறங்கிவிட்டது. கதாநாயகி வேஷத்துக்குத் திருச்சி நடிகைக்கும் சொல்லியாகிவிட்டது. நாடகத்தை எழுதிய என்னிடம் கடைசிக் காட்சி மட்டும் இல்லை.

வில்லன் சாக வேண்டும். விஷம் கொடுத்தேன், மாடியிலிருந்து தள்ளினேன், லாரி ஏற்றினேன். எதுவும் ஒட்டாமல் கிழித்துப் போட்டேன். காய்ச்சல் என்று சொல்லித் தப்பிக்கலாமென நெற்றியைத் தொட்டுப் பார்த்தால், துரோகி, ஜில்லென்று இருந்தது. அரியலூருக்குப் போய் ரயிலேறி ஓடிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

வில்லனாக நடித்த தங்கராசு பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருந்தார். அவருக்கு வசனம் மனப்பாடமாகவில்லை.

"வாத்தியாரே, சும்மா பேனாவக் கடிச்சிக்கிட்டுதான இருக்கீங்க? ரெண்டு நாளைக்கிக் கடையப் பாத்துக்கங்க. நான் பின்னால ஒக்காந்து படிக்கிறேன்."

எழுதாமலிருக்க அதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா? ஒப்புக்கொண்டேன். முதல் டீயை ஆற்றியதில் பாதி என் வேட்டிக்குப் போனது. பால் பொங்கி அடுப்பை அணைத்தது. ஆனால் பால் பொங்கும்போது கதையை நினைத்துப் பயப்பட நேரமில்லை. சாயங்காலத்துக்குள் வில்லனையே மறந்துவிட்டேன்.

மறுநாள், வெங்காய மூட்டையோடு பஸ்ஸுக்கு நின்ற ஒருவர் என் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு கிளாஸைக் கீழே வைத்தார்.

"தங்கராசு எங்க?"

"நாடகத்துக்கு வசனம் படிக்கிறாருங்க. கடைசியில சாவுறாரு."

"எப்புடி?"

"அதாங்க தெரியல."

"அப்ப சாவடிக்காதீங்க. அவன் போயிட்டா தெனம் இதையா குடிக்கிறது?"

"அப்புடிச் சொல்லுங்க மாமா" என்றார் உள்ளேயிருந்து தங்கராசு.

பெஞ்சிலிருந்த மற்றவர்களும் சிரித்தபடி கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போனார்கள். கெட்டிலும் கையுமாக நான் தனியே நின்றேன். விஷமும் லாரியும் இவ்வளவு வலித்திருக்காது. டீத்தூள் பொட்டலத்தைப் பிரித்து, அந்தத் தாளிலேயே கடைசிக் காட்சியை எழுதினேன். வில்லன் தன் வீட்டு விருந்தில் ஊருக்கெல்லாம் மோர் கொடுக்கிறான். எல்லோரும் குடிக்காமல் வைத்துவிட்டுப் போகிறார்கள். அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை அந்தக் காட்சியில் தங்கராசு தனியே நின்றபோது கூட்டத்தில் இருமல்கூட இல்லை.

எழுத வருகிற தம்பிகளுக்குச் சொல்கிறேன். பேனா நின்றால் அதன் எதிரே காவல் இருக்காதீர்கள். தெரியாத வேலை ஒன்றுக்குப் போய் நாலு பேரிடம் ஏச்சு வாங்குங்கள். நான் அதற்குப் பிறகு மாவு மெஷினில் நின்றேன், பஞ்சு மூட்டை தைத்தேன். டீ மட்டும் போடவில்லை. குன்னத்தில் யாரும் கேட்கவுமில்லை.