காமாலை இல்லாத ஒரு பிரமாணப் பத்திரம்

சென்ற செவ்வாய்க்கிழமை கோர்ட்டில் ஒரு மனு அனுமதிக்கப்பட்டது. பத்து நிமிட விஷயம். பேப்பரில் வருகிற மாதிரி வழக்கெல்லாம் கிடையாது. ஆனால் அன்றைக்கு வராண்டாவில் நான் நடந்த நடையைப் பார்த்தவர்கள், சுப்ரீம் கோர்ட்டில் ஏதோ ஜெயித்துவிட்டு வருகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

ஜெயித்தது என் டைப்பிஸ்ட் செல்வராணி.

இத்தனை வாரமாக எழுதுகிறேன், செல்வராணியை உங்களுக்கு அறிமுகப்படுத்தியதே இல்லை. விருதுநகரில் என் ஆபீஸில் எட்டு வருஷமாக இருக்கிறார். பேர்தான் டைப்பிஸ்ட். வாய்தா டைரி எழுதுவது, கட்சிக்காரர்களுக்கு போன் பண்ணுவது, கேஸ் கட்டுகளைத் தேடி எடுப்பது எல்லாமே அவர்தான். அதற்கு முன்னால் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் காலண்டர் புரூஃப் பார்த்தவர். வருஷத்தின் எல்லாத் தேதிகளையும் விரல் வைத்துச் சரிபார்த்த கண்.

அந்தக் கண்தான் ஒரு தேதியைக் கோட்டை விட்டது!

கட்சிக்காரர் பெயர் ரெங்கசாமி. வெம்பக்கோட்டைப் பக்கம் மானாவாரி நிலத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிற விவசாயி. அவருடைய நிலத்துக்குப் போக ஒரே ஒரு வண்டிப்பாதை. பக்கத்து நிலத்தைப் புதிதாக வாங்கிய ஒருவர், 'அந்தப் பாதை எனக்கு மட்டும்தான் சொந்தம், ரெங்கசாமி அதில் கால் வைக்கக் கூடாது' என்று கேஸ் போட்டிருந்தார். ரெங்கசாமி சார்பில் நான் ஆஜராகிறேன்.

வாய்தா ஏழாம் தேதி. நான் கோர்ட்டில் குறித்துக் கொடுத்த துண்டுச் சீட்டில் ஏழு என்றுதான் இருந்தது. ஆபீஸ் டைரியில் பதினேழு என்று விழுந்துவிட்டது. ஏழாம் தேதி கோர்ட்டில் மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார்கள். நானும் இல்லை, கட்சிக்காரரும் இல்லை. வந்த தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பாகிவிட்டது. எக்ஸ்பார்ட்டி என்போம்.

பதினாறாம் தேதி மத்தியானம், மறுநாள் வழக்குகளைச் சரிபார்க்க போனில் கோர்ட் ஆப்பைத் திறந்தபோது செல்வராணிதான் இதைக் கண்டுபிடித்தார். என் மேஜைக்கு வந்து போன், டைரி, துண்டுச் சீட்டு மூன்றையும் வரிசையாக வைத்தார்.

"தேதிய நான்தான் தப்பா எழுதிட்டேன் மேடம்."

கத்தினேன். வேறென்ன செய்வேன்? "எப்படிம்மா ஆச்சு?" என்று நாலு தடவை கேட்டேன்.

"காரணம் சொல்லி என்ன மேடம் ஆகப்போகுது? கை எழுதிருச்சு. திருப்பிச் சரிபாக்கல."

கத்தி முடித்ததும் என்னுள் இருந்த வக்கீல் விழித்துக்கொண்டார். இதற்கெல்லாம் எங்கள் தொழிலில் வழி இருக்கிறது. தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி முப்பது நாளுக்குள் மனு போடலாம். ஏன் அன்றைக்கு வரவில்லை என்று கட்சிக்காரர் ஒரு பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். அதில் எழுதுவதற்கென்றே நாங்கள் காலங்காலமாகப் போற்றி வளர்க்கும் வியாதி ஒன்று உண்டு — மஞ்சள் காமாலை!

ஏன் காமாலை? காய்ச்சல் என்றால் இரண்டு நாளில் சரியாகிவிடும். மாரடைப்பு என்றால் ஆஸ்பத்திரிச் சீட்டு கேட்பார்கள். காமாலை என்றால் நாட்டு மருந்து சாப்பிட்டுக்கொண்டு வீட்டில் படுத்திருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். சூலக்கரையில் இருக்கும் மாவட்டச் சுகாதாரத் துறை அதிகாரிகள் எங்கள் கேஸ் கட்டுகளைப் படித்திருந்தால், இந்நேரம் ஊர் ஊராக முகாம் போட்டிருப்பார்கள்.

"டைப் பண்ணுங்க," என்று ஆரம்பித்தேன். "மனுதாரராகிய நான் மேற்படி தேதியில் மஞ்சள் காமாலையால் பாதிக்கப்பட்டு, படுத்த படுக்கையாக இருந்தபடியால்..."

கீபோர்டு சத்தம் வரவில்லை.

"அவருக்குக் காமாலை இல்லையே மேடம்."

"தெரியும். டைப் பண்ணுங்க."

"நேத்துக்கூட போன்ல பேசுனாரு. உழவு ஓட்டிக்கிட்டு இருக்கேன்னாரு."

"செல்வராணி..."

"கோவிச்சுக்கிடாதீங்க மேடம். நான் பண்ணுன தப்புக்கு அவரு எதுக்கு நோயாளி ஆகணும்? நடந்தத அப்படியே எழுதுவோம். என் பேர்ல எழுதுங்க, நான் கையெழுத்துப் போடுறேன்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "ஆபீஸ் பேர் என்னாகும் தெரியுமா? ரெங்கசாமி கட்டைத் தூக்கிக்கிட்டுப் போயிருவாரு. போறவரு நாலு பேர்கிட்ட சொல்லாம போவாரா?"

"போகட்டும் மேடம். ஆனா அவரு கேஸு தோத்துப் போச்சுன்னு அவருக்கு மொதல்ல நாமதான சொல்லணும்? வேற ஆளு சொல்லித் தெரிஞ்சா நல்லாவா இருக்கும்?"

வக்கீல் சங்கக் கூட்டங்களில் 'கட்சிக்காரர் சேவை' பற்றி நானே பேசியிருக்கிறேன். போனை உடனே எடுக்க வேண்டும், வருகிறவர்களை உட்கார வைக்க வேண்டும், தண்ணீர் கொடுக்க வேண்டும்... கைதட்டல்கூட வாங்கியிருக்கிறேன். நம்முடைய தப்பை நாமே போய்ச் சொல்ல வேண்டும் என்று ஒரு கூட்டத்திலும் சொன்னதாக ஞாபகம் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் இன்னொரு பேப்பரை என் முன்னால் வைத்தார். ரெங்கசாமி வேறு வக்கீலை வைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்ற கடிதம். நாங்கள் நேரில் போய்ச் சொல்லும்போது அவர் கட்டைத் திருப்பிக் கேட்டுவிட்டால்? அவரை இன்னொரு தடவை அலைய விடக் கூடாதாம்! முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலை இருவரும் காரில் வெம்பக்கோட்டைக்குப் போனோம். வழி முழுக்க செல்வராணி கேஸ் கட்டை மடியிலேயே வைத்திருந்தார்.

ரெங்கசாமி பாதையிலேயே நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் வரிசையாகக் கல்தூண்கள் இறக்கிப் போடப்பட்டிருந்தன.

"வாங்க வக்கீலம்மா. நானே போன் போடணும்னு இருந்தேன். இந்தா பாத்தீகளா? நேத்துல இருந்து கல்லு எறக்குறான். கேட்டா கோர்ட்டுல போயி கேளுங்கிறான். என்ன ஏதுன்னு ஒண்ணும் வெளங்கல."

நான் தொண்டையைச் செருமினேன். 'கோர்ட்டில் ஒரு சின்னக் குழப்பம்' என்ற வாக்கியம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. செல்வராணி முந்திக்கொண்டார்.

"அண்ணாச்சி, கேஸு அவரு பக்கம் தீர்ப்பாகிருச்சு. ஏழாந்தேதி வாய்தாவ நான் பதினேழுன்னு எழுதிட்டேன். அதுனால யாரும் போகல. தப்பு என்னோடது."

ரெங்கசாமி அவரையே பார்த்தார். அப்புறம் என்னை. அப்புறம் கல்தூண்களை.

"மழை எறங்கப் போகுது," என்றார் மெதுவாக. பிறகுதான் குரல் உயர்ந்தது. "வெத வாங்கி வச்சிருக்கேன். டிராக்டருக்குச் சொல்லியிருக்கேன். எந்த வழியா நான் போக? ஒரு தேதிய எழுதத் தெரியாதா உங்களுக்கு? அம்புட்டு நம்பி வந்தேனே... கட்டக் குடுத்துருங்க. நான் வேற ஆளப் பாத்துக்கிடுறேன்."

"இந்தாங்க அண்ணாச்சி." செல்வராணி கட்டை நீட்டினார். "மேடம் கையெழுத்துப் போட்ட கடுதாசியும் உள்ள இருக்கு. முப்பது நாளுக்குள்ள மனுப் போடணும். பத்து நாள் போயிருச்சு. யார்கிட்டப் போனாலும் இந்த வாரமே போங்க. தள்ளிப் போட்டுறாதீக."

அவர் வாங்கிக்கொண்டார். எங்களை வீட்டுக்குக் கூப்பிடவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. அந்த ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்.

திரும்பும்போது சாத்தூர் தாண்டியதும் செல்வராணி கேட்டார். "நான் வேலைய விட்டு நின்னுக்கிடவா மேடம்?"

இத்தனை வருஷத்தில் என் ஆபீஸுக்கு எத்தனையோ பேர் வந்து போயிருக்கிறார்கள். ஃபைல் காணாமல் போனால் எலியைக் காட்டியவர்கள் உண்டு. நகல் மனு போட மறந்துவிட்டு, கோர்ட்டில் ஆளே இல்லை என்று சாதித்தவர்கள் உண்டு. 'நான்தான்' என்று வந்து நின்ற ஒருவரை அனுப்பிவிட்டு அவர்களோடா காலம் தள்ளுவது?

"நீங்க போயிட்டா டைரிய யாரு எழுதுறது?" என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் அழுதாரா என்று நான் பார்க்கவில்லை. என் கண்ணே சரியாக இல்லை.

மூன்றாம் நாள் ரெங்கசாமி ஆபீஸுக்கு வந்தார். கையில் அதே கட்டு. நேராகச் செல்வராணியின் மேஜையில் போய் வைத்தார்.

"ஒரு வக்கீலப் பாத்தேன் தாயி. எல்லாத்தையும் கேட்டுட்டு, 'ஒண்ணும் கவலப்படாதீக, உமக்கு மஞ்சக் காமாலைன்னு எழுதிருவோம்'னாரு. குத்துக்கல்லு மாதிரி முன்னால நிக்கிறேன், எனக்குக் காமாலையாம்! கட்ட வாங்கிட்டு வந்துட்டேன். என்னைய வச்சுப் பொய் சொல்லாத ஆபீஸு இதுதான்னு பட்டுச்சு. பாத்துச் செய்யுங்க."

நான் அவசரமாக ஒரு ஃபைலைத் திறந்து படிக்க ஆரம்பித்தேன். எந்த ஃபைல் என்று கேட்காதீர்கள்.

மனு போட்டோம். அதோடு செல்வராணியின் பிரமாணப் பத்திரம். ஒரே பக்கம். டைரிப் பக்கத்தின் நகல், துண்டுச் சீட்டின் நகல். என் சர்வீஸில் நான் தாக்கல் செய்த மிகச் சின்னப் பத்திரம் அதுதான். உண்மைக்கு அவ்வளவு இடம் தேவைப்படவில்லை.

செவ்வாய்க்கிழமை விசாரணை. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "இது ஜோடிக்கப்பட்ட காரணம், வக்கீல் தன் ஊழியரைப் பலி கொடுக்கிறார்," என்றார். நீதிபதி பத்திரத்தை இரண்டு தடவை படித்தார்.

"செல்வராணி யாரு?"

கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து முன்னால் வந்தார்.

"நான்தாங்கய்யா."

"இப்படி எழுதிக் கொடுக்கச் சொல்லி உங்ககிட்ட யாராவது சொன்னாங்களா?"

"இல்லங்கய்யா. எழுத வேண்டாம்னுதான் சொன்னாக."

கோர்ட்டே சிரித்தது. நீதிபதி மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் மேஜையின் மரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

மனு அனுமதிக்கப்பட்டது. தீர்ப்பு ரத்து. இனி எங்கள் தரப்பில் வாய்தா கேட்கக் கூடாது என்று ஒரே ஒரு நிபந்தனை. வழக்கு மறுபடி முதலிலிருந்து நடக்கும். கல்தூண்கள் நடப்படாமல் அப்படியே கிடக்கின்றன. மறுநாளே டிராக்டர் அந்தப் பாதையில் போனது.

எல்லாம் சுபம் என்று சொல்ல மாட்டேன். முதல் மழை ஏற்கெனவே பெய்து முடிந்திருந்தது. அந்த ஈரத்தில் விதைத்திருக்க வேண்டியவர், பிந்தித்தான் விதைத்தார். அதை ரத்து செய்ய எந்த மனுவும் போட முடியாது. செல்வராணிக்கு அது தெரியும். ஏழு என்ற எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் அவர் முகம் சுருங்குவதை நான் பார்க்கிறேன்.

சங்கத்தில் ஒரு நண்பர் கேட்டார். "ஏம்மா, ஊழியர்னா ஆபீஸுக்கு விசுவாசமா இருக்க வேண்டாமா?"

விசுவாசம் என்றால் என்ன? நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவதா? நான் வழுக்கி விழப்போகும் நேரத்தில் கையைப் பிடித்து இழுப்பதா? செல்வராணி இழுத்தார். கொஞ்சம் வலித்தது. விழாமல் நிற்கிறேன். இப்படி ஒருவர் என் ஆபீஸில் வேலை பார்க்கிறார் என்று சொல்லிக்கொள்வதில், நான் ஜெயித்த எந்த வழக்கையும்விட எனக்குப் பெருமை.

அன்றைக்கு கோர்ட் வாசலில் ரெங்கசாமி கேட்டார். "அடுத்த வாய்தா எப்ப வக்கீலம்மா?"

சொன்னேன். கேட்டுக்கொண்டார். பிறகு செல்வராணியின் பக்கம் திரும்பினார்.

"என்ன தேதி தாயி?"

நான் சொன்ன அதே தேதியைத்தான் அவரும் சொன்னார். அப்புறம்தான் ரெங்கசாமி அதை போனில் குறித்துக்கொண்டார்.

கறுப்புக் கோட்டு போட்டிருந்தது நான்தான் என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்!