பசை வேண்டாத விண்கலம்

பாரிமுனையில் ஒரு வியாபாரி, வெளிநாட்டு விண்கலப் பொம்மையை இங்கேயே அடித்துத் தர ஆள் தேடுகிறாராம். பசை தேவையில்லை, பிள்ளைகளே அழுத்திப் பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் துண்டுகளாம். லாரி ஓட்டும் முனியனுக்கு அவன் மச்சான் சொன்னது. சென்னை பாடியில் ஒரு டீக்கடையில் முனியன் அதைத் தாட்சாயிணியிடம் சொன்னான்.

“மெய்யாலுமா?”

“எனுக்கு இன்னா தெரியும்? கேட்டதச் சொன்னேன். ராக்கெட்டு உட்டா என்னியும் ஏத்திகினு போ.”

தாட்சாயிணி ஆவடி பக்கம் பருத்திப்பட்டில் பயிர் வைத்த குடும்பத்துப் பெண். நிலம் கைமாறிய பிறகு பாடியில் ஒரு கொட்டகையில் பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் அடிக்கும் கைமெஷின் பிடித்தவள், பதினான்கு வருடமாகச் சோப்பு டப்பா அடித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் யாருக்கோ அடித்தவை. தன் பேரில் ஒரு ஆர்டர் வாங்கிவிட வேண்டும் என்று அன்றே முடிவு செய்துவிட்டாள்.

மறுநாளே பாரிமுனைக்குப் போய் விசாரித்தாள். பேச்சு உண்மைதான். வியாபாரி கங்காதரன் கலத்தை மேஜைமேல் பிரித்துப் போட்டார். பதினொரு துண்டுகள்.

“எட்டு வயசுப் பிள்ளை யார் உதவியும் இல்லாம பூட்டணும். தூக்கி ஆட்டினா கழலக் கூடாது. ஆடி முடியறதுக்குள்ள மாதிரி கொண்டுவாங்க. இல்லேன்னா நான் கப்பல்ல வரவழைச்சுக்குவேன்.”

கொட்டகை முதலாளி ஞாயிற்றுக்கிழமைகளில் மெஷினைத் தர ஒப்புக்கொண்டார். அச்சு வெட்டியவர் ரகுநாதன். ஆவடி டேங்க் தொழிற்சாலையில் பிட்டர், குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் திருநெல்வேலிக்காரர். துண்டுகளைப் பூட்டும் முளையையும் துளையையும் மயிரிழை பிசகாமல் வெட்டியிருந்தார். அதில் அடித்த துண்டுகளைச் சேக்காட்டில் தாட்சாயிணியின் தெருவில் ஒரு சிறுமி அழுத்திப் பார்த்தாள், முகம் சிவந்தது. கடைசியில் ஏறி மிதித்தாள். இறக்கை முறிந்தது.

“என்னம்மா குறை? காத்துகூட நுழையாது பாத்துக்கோ” என்றார் ரகுநாதன்.

“காத்து நுழைய வேணாண்ணே, முளை நுழையணும். டேங்கா ஓட்டப் போறோம்? புள்ளைங்க சுத்தியல எடுத்துகினா வரும்?”

“இருபது வருஷத்துல லூசா ஒரு சாமான் என் கையிலேர்ந்து போனதில்ல.”

முணுமுணுத்துக்கொண்டே அவளுக்காகத் துளையைப் பெரிதாக்கிக் கொடுத்தார். இப்போது துண்டுகள் சுலபமாகப் பூட்டிக்கொண்டன. ஆட்டியதும் இரண்டு இறக்கைகளும் உதிர்ந்தன. “சொன்னேன்லா” என்றார்.

ஆடி முடியப் பத்து நாள்தான் இருந்தது. கொட்டகையில் டப்பாக்களை மூடி அடுக்கிக்கொண்டிருந்தவளின் கை சட்டென்று நின்றது. ஒரு மூடியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். அது சுற்றிலும் பிடிக்கவில்லை. உள்விளிம்பில் மூன்று சின்னப் புடைப்புகள், பிடிப்பதெல்லாம் அவைதான்.

அன்று மாலையே மூடியோடு ரகுநாதன் முன்னால் போய் நின்றாள். “அச்சுல துளைக்குன்னு நிக்கிற ஊசி உருண்டையா கீதில்ல, அதுல மூணு பக்கம் மட்டும் லேசா சீவி உடுங்க. சீவுன எடத்துல துளை குறுகிடும், அங்க மட்டும் முளையப் புடிக்கும்.”

அவர் மூடியை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்ப மூணு இடத்துல என் பிட்டிங்.”

“ஆமாண்ணே. மீதி எடத்துல என் லூசு.”

சிரித்தபடி அரத்தை எடுத்தார்.

இம்முறை அதே சிறுமி தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழுத்தினாள். ஒவ்வொன்றும் ‘டக்’கென்று உட்கார்ந்தது. பிறகு ஒற்றை இறக்கையைப் பிடித்துத் தெருவெல்லாம் சுழற்றிக்கொண்டு ஓடினாள். எதுவும் கழலவில்லை.

ஆடி முடிவதற்குள் ஆறு மாதிரிகளைப் பாரிமுனைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கடைக்காரர்களிடம் காட்டிவிட்டு முடிவு சொல்வதாகவும், சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் போன் செய்யும்படியும் கங்காதரன் சொன்னார்.

சனிக்கிழமை சேக்காடு போன் பூத்தில் அவளுக்குப் பின்னால் மூன்று பேர் காத்திருந்தார்கள்.

“மணி போவுது, யாரும் எடுக்கலக்கா” என்றாள் பூத் நடத்தும் ராணி. “சாப்புடப் போயிருப்பாங்க.”

“இன்னொரு தபா போடு.”

“நாலு தபா போட்டாச்சே.”

“அஞ்சாவது போடு. அவரு எடுக்காம நான் ஊட்டுக்குப் போறதா இல்ல.”

ராணி பின்னால் நின்றவர்களைப் பார்த்துவிட்டு எண்களை மறுபடி அழுத்தினாள். தாட்சாயிணி ரிசீவரை வாங்கிக் காதோடு சேர்த்துக்கொண்டாள். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது.