அப்பா படித்த ஸ்பானிஷ்

டெக்சாஸில் இருக்கும் என் அக்கா, போன வருடம் என் மகளுக்கு ஒரு படப் புத்தகம் அனுப்பினாள். எல்லாம் குட்டிக் குட்டிப் பாட்டுகள். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் அதே பாட்டு ஸ்பானிஷில். அக்கா மகள் பள்ளியில் இரண்டு மொழியும் சொல்லித்தருகிறார்கள்.

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. நான் கேரளப் பக்கத்து மலையில் ஓர் ஏலத்தோட்டத்தில் மேற்பார்வை வேலை பார்க்கிறேன். காலையில் போடியில் ஜீப் ஏறினால் பொழுது சாயத்தான் வீடு திரும்புவேன். வந்ததும் புத்தகத்தோடு மடியில் ஏறிவிடுவாள். ஆங்கிலத்தை எப்படியோ படித்து, அர்த்தமும் சொல்லிவிட்டேன். அவள் வலப்பக்கத்தைக் காட்டினாள்.

“இதையும் படிங்கப்பா.”

எழுத்து ஆங்கில எழுத்துதான். வாயில் நுழையவில்லை. எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். போனில் தேடியிருந்தால் உச்சரிப்பும் கிடைத்திருக்கும். அலுப்பாக இருந்தது. தோட்டத்தில் காதில் விழும் மலையாளத்தைக் கொஞ்சம் இழுத்து, ராகம் போட்டுப் படித்தேன். “எவிடெ எவிடெ, கொறச்சு கொறச்சு, பின்னெ வராம், பதுக்கெ பதுக்கெ.”

அவளுக்கு அது ரொம்பப் பிடித்துப் போனது. மறுநாளும் அதையே கேட்டாள். நான் ஒரு சொல்லை மாற்றினால் திருத்தினாள். முழுதும் மனப்பாடமாகிவிட்டது. எங்கப்பாவுக்கு ஸ்பானிஷ் தெரியும் என்று பள்ளியில் சொல்லியிருக்கிறாள் என்று என் மனைவி சொன்னபோது, சிரித்துக்கொண்டேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீடியோவில் அழைத்தாள். பக்கத்தில் அவள் மகள். என் மகளைவிட இரண்டு வயது மூத்தவள், மதினி முறை. என் மகள் புத்தகத்தை விரித்துவைத்து, கைகட்டி நின்று பாட்டைச் சொன்னாள். அந்தப் பிள்ளை புருவத்தைச் சுருக்கியது.

“இது ஸ்பானிஷ் இல்லையே.”

“ஸ்பானிஷ்தான். எங்கப்பா சொல்லிக்குடுத்தாரு.”

“நெசமாவா? நீயாடா சொல்லிக்குடுத்த?” என்றாள் அக்கா.

“இல்லக்கா, அது எதையாச்சும் ஒளறிக்கிட்டுக் கெடக்கும்” என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. என் மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். அழவில்லை. புத்தகத்தை மூடி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதன்பிறகு நான் வேலை முடிந்து வந்தால் அவள் மடிக்கு வருவதில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான். ஜீப்பில் பக்கத்திலிருந்தவர் போனில் “பின்னெ வராம்” என்று யாரிடமோ சொன்னபோது எனக்கு முகம் சுட்டது. கேலி செய்கிறவர்களிடமிருந்து பிள்ளையைக் காப்பாற்ற வேண்டியவன் நான். அவளை முன்னால் தள்ளிவிட்டு நான் பின்னால் ஒளிந்துகொண்டேன். அந்த வாரம் முழுக்க இதே நினைப்புதான்.

ஒரு சாயங்காலம் அவளருகில் போய் உட்கார்ந்தேன்.

“ஆத்தா, அப்பாவுக்கு அந்தப் பாஷை தெரியாது. மலையில பேசுற மலையாளத்த வச்சு நானாப் படிச்சேன்.”

“தெரியாதுன்னு சொல்லிருக்கலாம்ல?”

“சொல்லிருக்கணும்.”

“அத்தைகிட்ட நான் ஒளறுறேன்னு ஏன் சொன்னீங்க?”

அவள் போனை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். “இப்ப அத்தைகிட்டச் சொல்லுங்க.”

அங்கே காலை நேரம், அக்கா மகள் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். திரையில் என் மகள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். “பாப்பா ஒளறல, அப்பாதான் தப்பாச் சொல்லிக்குடுத்துட்டேன்” என்றேன். மகள் தலையை ஆட்டினாள்.

அதிலிருந்து மதினி ஒவ்வொரு பாட்டாகப் பேசிப் பதிந்து அனுப்புகிறாள். மகள் போனைக் காதில் வைத்துச் சொல்லிப் பழகுகிறாள். நானும் ஜீப்பில் போகும்போது கேட்டுப் பழகினேன். மழையைப் பற்றிய ஒரு பாட்டு ஓரளவு பிடிபட்டது. போன வாரம் அவளிடம் அதைப் படித்துக் காட்டினேன். தப்பில்லாமல்தான் படித்தேன் என்று நினைக்கிறேன்.

அவள் பொறுமையாகக் கேட்டாள்.

“இருங்கப்பா, மதினி சொன்னதக் கேட்டுட்டுச் சொல்றேன்” என்று போனை எடுத்தாள்.