குளத்துச் சேற்றில் கிடந்த ரேடியேட்டர்

இதை எழுதிவிட வேண்டும் என்று முதலில் நினைத்தபோது என் மூத்த மகளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. இப்போது அவளுக்கே பேரப்பிள்ளை இருக்கிறது. இடையில் எத்தனையோ தரம் தாளை எடுத்திருக்கிறேன். இரண்டு வரி எழுதியதும் கை நின்றுவிடும். தாளை மடித்து வேதப்புத்தகத்துக்குள் வைத்து மூடிவிடுவேன். ஏழாம் வகுப்புப் படித்தவன், நெல் குத்துகிற மில் நடத்தியவன், எனக்கு எழுத்து வராது என்று கேட்டவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். பயம்தான் காரணம்.

என் ஷெட்டில் நிற்கிற பழைய காரைப் பாறசாலைப் பக்கத்தில் அறியாதவர்கள் குறைவு. அதை வைத்து இரண்டு கதைகள் நடக்கின்றன. தமிழ்க்காரர்கள் ஒன்று சொல்வார்கள், மலையாளத்துக்காரர்கள் ஒன்று சொல்வார்கள். இரண்டும் தப்பு.

அந்தக் கார் மிஷன் பங்களாவில் இருந்த வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போனபோது விட்டுப்போனது. பங்களா காவல்காரன் அதில் கோழி வளர்த்தான். நான் அதை இரண்டு மாடு பூட்டி இழுத்து வந்தபோது பின் சீட்டில் முட்டை இருந்தது. தோல் மெத்தையைக் கோழி கொத்தித் தின்றிருந்தது. சக்கரத்து ஆரக்கால் மரமெல்லாம் செல் அரித்துப்போயிருந்தது. மில்லில் ஆயில் எஞ்சினோடு பழகின கை என்பதால் எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. ஆஞ்சிலி மரத்தில் ஆரக்கால் செதுக்கவைத்தேன். பித்தளை விளக்குகளைப் புளி போட்டுத் தேய்த்தேன். ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாள் எல்லாம், மில் அடைத்த பிறகு ஷெட்டில்தான் இருப்பேன். ஊர் இதைக் கிறுக்கு என்றது. ஜெபத்துக்கு நேரம் தவறாமல் வந்துவிடுவதால் என் மனைவி பொறுத்துக்கொண்டாள்.

எல்லாம் சேர்ந்தது. ரேடியேட்டர் மட்டும் இல்லை. பித்தளைக்காக யாரோ எப்போதோ அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

அதே மாதிரி ஒரு ரேடியேட்டர் என் மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் நெய்யாற்றின்கரை தாலுக்கா ஆபீசில் குமாஸ்தா. எல்லாரும் சார் என்பார்கள். ரப்பர் எஸ்டேட்டில் ஏலத்துக்கு வந்த ஒரு காரை அவர் எடுத்திருந்தார். என் வண்டி எந்தக் கம்பெனியோ அதே கம்பெனி, அதே மாடல். அவரிடம் மேல்பாகம் ஒன்றுமே இல்லை. சக்கரம், சட்டம், இறுகிப்போன எஞ்சின், அதன் முன்னால் பளபளவென்று ஒரு முழு ரேடியேட்டர். அவருக்கு என் வண்டியின் மேல்பாகம் வேண்டும். எனக்கு அவருடைய ரேடியேட்டர் வேண்டும். இரண்டு பேரும் விற்கமாட்டோம். இரண்டு அரை வண்டி, நடுவில் ஒரு மண்மதில்.

மூன்று தரம் கேட்டேன். மூன்றாம் தரம் மதிலுக்கு மேலே தலையை நீட்டிச் சொன்னார்.

"ஓய், கோழிக்கூட்டுக்கு எதுக்காக்கும் ரேடியேட்டர்? கோழிக்கு வேர்க்குதா?"

"உம்ம எஞ்சின் இந்த ஜென்மத்துல எளகாது சார். வெறும் ரேடியேட்டர வச்சு என்ன செய்யப்போறீரு?"

"எளகும், இல்லாட்டிப் போவும். அது எனக்க சாதனம். விக்கான் உள்ளதல்ல."

எஞ்சினில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்துவிட்டு, அது இளகுகிறதா என்று தினமும் அதன் முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய ஷெட்டுக்கு முன்னால்தான் எங்கள் தெருவுக்குப் போகிற பாதை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷங்களில்தான் எல்லைச் சண்டை மூண்டது. எங்கள் தாலுக்கா தமிழோடு போகுமா மலையாளத்தோடு நிற்குமா என்று யாருக்கும் தெரியாது. ஒரே டீக்கடையில் இரண்டு பெஞ்சு ஆயிற்று. எங்கள் சபையிலேயே எந்த மொழிப் பாட்டு முதலில் பாடுவது என்று வழக்கு வந்தது. பனச்சமூட்டுச் சந்தைக்குப் போனால், எந்த மொழியில் விலை கேட்கிறோம் என்று பார்த்து விலை சொன்னார்கள். நான் தமிழ் பெஞ்சில் உட்கார்ந்தேன். சார் மற்ற பெஞ்சில் உட்கார்ந்தார். ஆனால் அவரும் நானும் மொழிக்காகப் பகைத்தவர்கள் இல்லை. ரேடியேட்டருக்காகப் பகைத்தோம். அந்தப் பகைக்கு உடுத்துக்கொள்ள ஒரு கொடி கிடைத்தது, அவ்வளவுதான்.

பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவரைப் பிடித்து நானே ஒரு ரேடியேட்டர் செய்யவைத்தேன். ஒழுகிற்று. முட்டை வெள்ளைக்கரு ஊற்றினால் ஓட்டை அடையும் என்றார்கள், ஊற்றினேன். மிளகுப் பொடி போட்டேன். ஒழுக்கு நின்றது போலிருந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு ஆராதனைக்குப் போனேன். முன்னால் நின்று ஹேண்டில் அடித்ததும் வண்டி கிளம்பியது. ஆலயத்து வாசல்வரை போயிற்று. அங்கே, சபையெல்லாம் உள்ளே போகிற நேரத்தில், மூடி தெறித்து வெந்நீர் பீச்சியது. ஒரு அம்மாளின் வெள்ளைச் சேலையெல்லாம் பழுப்புக் கறை. முட்டை நாற்றம். என் இளைய பிள்ளை அலறினாள்.

எதிரே பஸ் ஸ்டாப்பில் சார் நின்றிருந்தார். ஆட்கள் கேட்க வேண்டும் என்றே உரக்கச் சொன்னார்.

"மில்லுக்காரரே, அக்கானி காச்சுதீரா? கருப்பெட்டி எப்ப கிட்டும்?"

என் வண்டியைப் பதநீர் காய்ச்சுகிற அடுப்பு ஆக்கியதும் ஜனங்கள் சிரித்தார்கள். தமிழ் பெஞ்சு, மலையாள பெஞ்சு என்ற வித்தியாசமில்லாமல் சிரித்தார்கள். அன்று திருவிருந்து. மனதில் அவரைக் கொன்றுகொண்டே அப்பத்தை வாங்கி வாயில் போட்டேன்.

அடுத்த மாதம் எங்கள் வட்டாரத்தில் கூட்டம் கூடக் கூடாது என்று தடை போட்டார்கள். தெருக்கோடியில் மறைவாகக் கூடின தமிழ் பெஞ்சுப் பையன்களைப் போலீஸ் வந்து அடித்தது. இரண்டு பேருக்குக் கை ஒடிந்தது. மறுநாள் மத்தியானம் அந்தப் பையன்களும் பெரியவர்களும் என் மில்லில் வந்து உட்கார்ந்தார்கள். போலீசுக்குச் சொன்னது யார் என்பதுதான் பேச்சு. பலரைச் சொன்னார்கள், தள்ளினார்கள். நான் உமி அள்ளிக்கொண்டிருந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

நானாகத்தான் சொன்னேன்.

"மக்கா, ஒரு காரியம் நான் பாத்துட்டுண்டு. அந்த எஞ்சின் ரெண்டு வருஷமா எளகல்ல. எளகாத எஞ்சினுக்க முன்னால ஒரு மனுஷன் தெனமும் பாதையப் பாத்து எதுக்கு இருக்கான்? பிறகு காலையில பஸ்ஸேறி தாலுக்காபீசுக்குப் போறான். நான் ஒண்ணும் சொல்லல, கேட்டியளா."

ஒருவன் எழுந்தான். "அண்ணே, இத நேத்தே சொல்லியிருக்கப்பிடாதா?"

"நான் ஒண்ணும் சொல்லல," என்று திரும்பவும் சொன்னேன்.

இறுகின எஞ்சின் முன்னால் மனுஷன் எதற்கு உட்கார்ந்திருப்பான் என்பது இந்தப் பூமியில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் மதிலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அவருக்காகச் சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்த ஊரில் நான்தான். அவரைக் காட்டிக்கொடுத்ததும் அந்த நான்தான். ஷெட்டை உடைப்பார்கள், வண்டியைக் கவிழ்ப்பார்கள், மனம் கசந்து அவர் ரேடியேட்டரை விற்றுவிடுவார் என்பது என் கணக்கு.

அவர்கள் வண்டியைக் கவிழ்க்கவில்லை. அவர் ஆபீசுக்குப் போயிருந்த நேரத்தில் பட்டப்பகலில் உருட்டிக்கொண்டு போய், மாடு குளிப்பாட்டுகிற குளத்தில் தள்ளினார்கள். கரையில் நின்று போலீஸ் ஒற்றன் ஒழிக என்று கோஷம் போட்டார்கள். நானும் நின்றேன். என் வாயிலும் கோஷம்தான், ஆனால் என் கண் ரேடியேட்டரில் இருந்தது. அது தண்ணீருக்குள் போகிறபோது, "எலே, அத மட்டும் கழத்துங்கலே," என்று கத்த வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

பஸ்ஸிறங்கி வந்த சார் கரையில் குடையோடு நின்றார். சக்கரம் ஒன்று மட்டும் மேலே தெரிந்தது.

"எவனாக்கும் சொன்னது, நான் ஒத்தன்னு?" என்று கேட்டார்.

ஒரு பையன் அவருடைய குடையைப் பிடுங்கிக் குளத்தில் எறிந்தான். அவர் என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்து அவர் வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்து, கயிறு கட்டி வண்டியை இழுத்தார். சட்டம் வந்தது, எஞ்சின் வந்தது. ரேடியேட்டர் கழன்று சேற்றிலேயே தங்கிவிட்டது. இதை அறிந்ததும் மறுநாள் விடிந்த உடனே துவர்த்துத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குளத்தில் இறங்கினேன். கழுத்தளவு தண்ணீரில் ஏற்கெனவே ஒரு தலை இருந்தது. சார்.

"உமக்கு என்ன வேல இங்க?"

"குளிக்க வந்தேன்."

"மாடு குளிக்கிற எடத்துலயா?"

"நீரும் இங்கதானே நிக்கீரு?"

இரண்டு பேரும் காலால் சேற்றைத் துழாவினோம். என் வலது கால்விரலில் அது தட்டுப்பட்டது. தேன்கூடு மாதிரி சின்னச் சின்னக் கண். சந்தேகமே இல்லை. நான் அதன்மேல் ஏறி நின்றேன். குதிகாலால் மெல்ல மெல்ல அமுக்கினேன்.

அவர் ஒரு கை தூரத்துக்கு வந்தார். "அவ்விட எதாவது உண்டா?"

"இல்ல. கல்லாக்கும்."

என் முகத்தைப் பார்த்தார். பிறகு கரையேறிப் போய்விட்டார்.

கோடையில் தண்ணீர் வற்றினபோது அதைத் தோண்டி எடுத்து ஓலைக்கடவப்பெட்டியில் போட்டு, மேலே உரச்சாணி பரப்பி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பொருத்தினேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆலயத்துக்குப் போனேன், செங்கல் ஊர் வரை போனேன், காஞ்சிரங்குளத்துக்குக் கல்யாணத்துக்குப் போனேன். வண்டி சூடாகவே இல்லை.

சார் குடும்பத்துக்கு அந்த வருஷம் யாரும் பால் கொடுக்கவில்லை. முடிவெட்டுகிறவர் வரவில்லை. அவருடைய மனைவி தண்ணீருக்கு நடந்த தூரம் எனக்குத் தெரியும், என் மில்லைத் தாண்டித்தான் போவாள். என் மனைவி ஒருநாள் கேட்டாள்: "அவிய உண்மையிலயே ஒத்தனாங்க? நிங்களுக்குத் தெரியாம இருக்காதே, பக்கத்து வீடில்லியா?" நான் ஜெபத்துக்கு நேரமாயிற்று என்றேன்.

கடைசியில் மாற்றல் வாங்கிக்கொண்டு வடக்கே போனார்கள். சாமான் ஏற்றின வண்டி என் ஷெட்டுக்கு முன்னால் நின்றது. சார் இறங்கி உள்ளே வந்தார். நான் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் நேரே ரேடியேட்டரிடம் போனார். இடது பக்கம், அடியில், ஈயம் வைத்து ஒட்டின ஒரு சின்ன இடம் உண்டு. அதன்மேல் பெருவிரலை வைத்தார்.

"வெள்ளம் ஒழுகுதா?"

"இல்ல."

"ஒழுகாது. நான் வச்ச ஈயமாக்கும்."

விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு போனார். திருடன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அதற்கும் அவர் இடம் கொடுக்கவில்லை. அதற்காகவே அவரை இன்னும் வெறுக்கிறேன்.

எல்லைக்கோடு போட்டார்கள். நாங்கள் கேரளத்திலேயே நின்றோம். தமிழ்க்காரர்கள் சொல்கிற கதை, போலீஸ் ஒற்றனின் காரை மக்கள் குளத்தில் தள்ளினார்கள் என்பது. மலையாளத்துக்காரர்கள் சொல்கிற கதை, மலையாளம் பேசினதற்காக ஒரு பாவம் மனுஷனின் காரைத் தள்ளினார்கள் என்பது. போன வருஷம் பழைய வண்டிகளையெல்லாம் ஒரு பள்ளி மைதானத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். என் வண்டிக்கு மாலை போட்டார்கள். மைக்கில் ஒருவர், ஒற்றனை விரட்டின காலத்து வண்டி என்றார். கைதட்டினார்கள். அந்த மாலை சரியாக ஈயம் வைத்த இடத்தின்மேல் கிடந்தது. சார் செத்துப் பல வருஷம். அவருடைய பிள்ளைகள் இந்தப் பக்கம் தலைகாட்டுவதில்லை என்று கேள்வி. நான் அன்றும் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து வேதப்புத்தகத்திலிருந்து தாளை எடுத்தேன்.

அவர் ஒற்றன் இல்லை. இறுகின எஞ்சின் இளகுமா என்று பார்த்துக்கொண்டிருந்த மனுஷன். குத்தலான வாய், யாருக்கும் ஒன்றும் விட்டுக்கொடுக்கமாட்டார், அவர் நல்லவர் என்று எழுத எனக்கு இப்போதும் மனமில்லை. ஆனால் ஒற்றன் இல்லை. ஒற்றன் என்று சொன்னது நான். சொன்னது மொழிக்காக இல்லை, ஒரு பித்தளைச் சாமானுக்காக.

இதை வாசிக்கிறவர்கள் டீக்கடையிலும் ஆலயத்து வாசலிலும், பாதையின் அந்தப் பக்கத்திலும் இந்தப் பக்கத்திலும், எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள். மலையாளத்தில் சொன்னாலும் இப்படியே சொல்லுங்கள். வயதான காலத்தில் மனம் வருந்தினான் என்று என்மேல் இரக்கப்பட்டு ஒன்றையும் சேர்க்க வேண்டாம். குளத்தில் நான் காலை எடுக்கவில்லை என்பதையும் விட்டுவிட வேண்டாம்.