கந்தோருக்குக் கொண்டுபோன கறுவாப் பாண்

வீட்டில் பாண் சுட்டு ஆட்களுக்குக் கொடுக்கிறவனுக்கு மாவும் ஈஸ்டும் பிறகுதான் வேணும், முதலில் வேண்டியது தடித்த தோல். எனக்கு அது இருக்கவில்லை. ஊரிலிருந்து மனிசியைக் கூப்பிடுகிற விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு, வாசலில் கடிதம் விழுகிற சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு இருந்தவர்கள் இதை வாசித்தால் என்னைப் பார்த்துச் சிரிக்க மாட்டீர்கள். சரி, சிரித்தாலும் சிரியுங்கோ.

அப்போது நான் ஹேர்னிங்கில் ஒரு துணி ஃபாக்டரியில் வேலை. டென்மார்க்கில் ஒரு பழக்கம் இருக்கிறது. பிறந்தநாள் என்றால் பிறந்தவன்தான் மற்றவர்களுக்குக் கேக் கொண்டுவர வேண்டும். எங்கட பெடியளுக்கோ தேத்தண்ணி ஊத்துறதைத் தவிர வேறொன்றும் தெரியாது. கோதுமை மாப் பைக்குப் பின்னால் அச்சடித்திருந்ததைப் பார்த்து நான் ஒரு பாண் சுடப் பழகினேன். மாவைச் சின்னச் சின்ன உருண்டையாக்கி, பட்டரிலும் சீனியிலும் கறுவாப் பட்டைத் தூளிலும் பிரட்டி, நெருக்கி அடுக்கிச் சுட வேணும். கத்தி தேவையில்லை, பிய்த்துப் பிய்த்துத் தின்னலாம். அதோடு பிடித்தது சனி.

வெள்ளிக்கிழமை மணம்

முதல் பாணைச் சுட்டது ஒரு வெள்ளிக்கிழமை. அரை மணித்தியாலத்தில் கதவு இடிபட்டது. மேல்மாடியில் இருந்த சிவா அண்ணை, வெள்ளிக்கிழமை விரதம் பிசகாத மனிசன், நெற்றி நிறையத் திருநீற்றோடு நிற்கிறார். "சைவக்காரன் எண்டு சொல்லிப்போட்டு வெள்ளிக்கிழமையிலை இறைச்சி காய்ச்சுறியோ?" என்றார்.

பிழை அவரில் இல்லை. எங்கட மூக்குக்குக் கறுவா என்றால் இறைச்சிக் கறிதான். சட்டியெல்லாம் திறந்து காட்டினேன். கட்டிடத்தில் இருந்த மற்றத் தமிழ் ஆட்களும் படியில் வந்து நின்று பார்த்தார்கள். களவு பிடிபட்டவன் மாதிரி எனக்கு முகம் சுருங்கிப் போச்சு. அண்ணை ஒரு துண்டைப் பிய்த்து மணந்து பார்த்தார். வாயில் வைக்கவில்லை. திரும்ப வைத்துவிட்டுச் சொன்னார்:

"கறுவாவைச் சீனிக்குள்ளை போடுற ஆக்களை நான் இண்டைக்குத்தான் காணுறன்."

அன்ரனின் பிறந்தநாள்

முதல் ஓடர் அன்ரனுடையது. மன்னார்ப் பெடியன், எனக்குப் பக்கத்து மெஷினில் வேலை. நாலு பாண் கேட்டான். டேனிஷில் தேக்கரண்டிக்கும் மேசைக்கரண்டிக்கும் சுருக்கெழுத்துத்தான் போடுவார்கள். 'ஸ்ப' என்று தொடங்கினால் பெரிய கரண்டி. நான் அதை மாறி விளங்கிக்கொண்டு உப்பைப் பெரிய கரண்டியால் அள்ளிப் போட்டுவிட்டேன்.

கோப்பி நேரத்தில் முப்பது வெள்ளைக்காரர் பிய்த்து வாயில் வைத்தார்கள். ஒருத்தரும் துப்பவில்லை, அதுதான் பெரிய அவமானம். "நல்லாயிருக்கு, வித்தியாசமாயிருக்கு" என்று சொல்லிச் சொல்லித் தண்ணி குடித்தார்கள். போர்மன் மூன்று கிளாஸ் குடித்தார். நான் மெஷினுக்குப் பின்னால் போய் நின்றேன். அன்ரன் தேடிப்பிடித்து வந்து காதுக்குள் சொன்னான்:

"அண்ணை, மன்னாரிலை உப்பளம் இருக்கெண்டு இவங்களுக்கு ஆர் சொன்னது?"

கந்தோர்

இதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

வசந்தியைக் கலியாணம் முடித்து நாலு மாதத்தில் நான் வெளிக்கிட்டு வந்தவன். இங்கே அகதி என்று ஏற்றுக்கொண்டார்கள். அவளைக் கூப்பிட விண்ணப்பம் போட்டேன். ஒரு வருசமாகியும் பதிலில்லை. அங்கே ஊரில் செல் குண்டு விழுகிறது, அவள் பதுங்கு குழிக்குள் இருந்து கடிதம் எழுதுகிறாள். நான் மாதம் ஒருக்கால் விண்ணப்பம் கொடுத்த ஆபீசுக்குப் போய்க் கேட்பேன். கண்ணாடி போட்ட ஒரு அம்மா, "இன்னும் ஒன்றும் வரவில்லை" என்பா.

ஆபீசுக்கு டேனிஷில் 'கொன்தோர்' என்று சொல்லுவார்கள். அதை முதன்முதல் கேட்ட நாள் எனக்கு அழுகையே வந்தது. எங்கட கந்தோர்! யாழ்ப்பாணத்தில் நாங்கள் சொல்லுகிற அதே சொல். சொல் ஒன்றென்றால் வழக்கமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று என்ர மரமண்டை முடிவெடுத்துவிட்டது. எங்கட கந்தோருக்கு வெறுங்கையோடு ஆர் போவான்? நல்லாப் பொங்க வைத்து, உப்பை இரண்டு தரம் பார்த்துப் போட்டு, என்ர வாழ்நாளிலேயே திறமான பாணைச் சுட்டு, எண்ணெய்த் தாளில் சுற்றி நூலால் கட்டினேன். அதோடு விட்டேனா? ஆர் தந்தது என்று அவ மறந்துபோவா எண்டு, விண்ணப்ப நம்பரை ஒரு துண்டில் எழுதி மேலே ஒட்டினேன்.

"இது என்ன?" என்று கேட்டா. "பாண்" என்றேன். "யாருக்கு?" என்றா. 'மனிசியின்ர அலுவலுக்காக' என்று சொல்ல நினைத்தேன், எனக்குத் தெரிந்த டேனிஷில் 'என் மனைவிக்கு' என்றுதான் வந்தது. அவ குழம்பிப்போய்ப் பார்த்தா. பிறகு மேலே இருந்த நம்பரைக் கண்டா. அவவுக்குக் கழுத்திலிருந்து காதுவரை சிவந்து போச்சு. பாணை இரண்டு விரலால் என் பக்கம் தள்ளினா. எனக்குப் பின்னால் வரிசையில் எங்கட ஆட்கள் மூன்று பேர், அதில் ஒருத்தர் சிவா அண்ணை. கந்தோரே கேட்கச் சொன்னா:

"உன் மனைவிக்கு என்றால், அவ வந்த பிறகு அவவே சாப்பிடட்டும்."

வசந்தியின் கடிதம்

அந்தப் பாணைப் பஸ் தரிப்பில் வைத்துவிட்டு வந்தேன். பாண் சுடுகிறதையும் விட்டேன். லஞ்சம் குடுக்கப் போய் நானே அவளின்ர வழியை அடைத்துப்போட்டேன் என்றுதான் நம்பினேன். எங்கட மற்ற ஆட்களுக்கும் பதில் வரவில்லைத்தான். அதையும் என்ர பாண்தான் கெடுத்தது என்று நினைத்தேன் என்றால் பாருங்கோ.

வசந்திக்கு இதை எப்படி எழுதுகிறது? "வேலை கூட", "அடுத்த மாதம் வந்திடும்" என்று புளுகினேன். என்ர கடிதம் கட்டையாகக் கட்டையாக அவளுக்குச் சந்தேகம் வளர்ந்தது. ஒரு நாள் அவளுடைய கடிதமும் கட்டையாக வந்தது. அதில் இருந்தது இவ்வளவுதான்:

"அங்கை ஆரும் இருக்கினம் எண்டால் சொல்லிப்போடுங்கோ. நான் அழமாட்டன். சொல்லாமல் இருக்கிறதுதான் பொறுக்கேலாது."

பேப்பரில் வந்தது

அன்ரன் ஒரு நாள் பேப்பரோடு ஓடிவந்தான். எங்கட ஆட்களின் விண்ணப்பங்களை மேலிடத்திலேயே நிறுத்தி வைத்திருந்தார்களாம். சட்டப்படி அப்படிச் செய்யக் கூடாதாம். பிறகு அதாலே டென்மார்க்கில் ஒரு அரசாங்கமே கவிழ்ந்தது. எனக்கு அன்றைக்குக் கோபம் வரவேண்டும். வந்தது வெட்கம். ஒரு நாடே செய்த காரியத்தை என்ர பாணின் தலையில் கட்டிவிட்டு, அவளை அழவிட்டிருந்தேனே!

அலுவல்கள் திரும்ப நடக்கத் தொடங்கின. அனுமதிக் கடிதம் வாங்கக் கந்தோருக்குப் போனேன். அதே அம்மா. கடிதத்தைத் தந்துவிட்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டுகிற மாதிரிக் குனிந்து, மெதுவாகச் சொன்னா:

"அன்றைக்கு நான் உரத்துச் சொன்னேன். எனக்கு அது இப்பவும் வெட்கமாக இருக்கிறது. பாண் நல்ல மணம்."

அவவே சாப்பிட்டது

வசந்தி வந்திறங்கின நாள் வீட்டு மேசையில் கறுவாப் பாண் இருந்தது. அவள் பாதியாக மெலிந்திருந்தாள். வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். குளியலறையில் இரண்டாவது பல்துலக்கி இருக்கிறதா என்றும் பார்த்தாள், நான் கண்டேன். கத்தி எங்கே என்று கேட்டாள். கத்தி வேண்டாம், பிய்த்துச் சாப்பிடு என்றேன்.

அவள் பிய்க்கப் பிய்க்க நான் எல்லாத்தையும் சொன்னேன். கந்தோர், நம்பர்த் துண்டு, இரண்டு விரல், பஸ் தரிப்பு. அவளின் முகத்தைப் பார்க்க முடியாமல் பாணையே பார்த்துக்கொண்டு சொன்னேன். ஆறாவது உருண்டையில் அவளின் கை நின்றது. கண்ணில் தண்ணி நிற்க, வாய் நிறையப் பாணோடு கேட்டாள்:

"ரெண்டு வருசமா நான் அழுதது இந்தப் பாணுக்கோ? இதுக்கு உப்பும் காணாது!"

இப்பவும் ஆட்களுக்குப் பாண் சுட்டுக் கொடுக்கிறேன், ஆனால் கந்தோர்ப் பக்கம் போகும்போது இரண்டு கையையும் பொக்கற்றுக்குள் விட்டுக்கொண்டுதான் போகிறேன்.