மோட்டார் போடக் கற்றுக்கொடுத்த கணவர்

கால் எரிச்சலுக்காக உத்திரமேரூர் டாக்டர் எழுதித்தந்த நரம்பு மாத்திரையில் என் கணவருக்கு வலி குறைந்தது. கூடவே பேச்சும் குறைந்தது. அசதி என்று நினைத்தேன்.

ஒருநாள் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் வயலுக்கு அழைத்துப்போய், "மோட்டார் போட நீயும் கத்துக்கோ. நான் இல்லன்னா இன்னா பண்ணுவே?" என்றார். அக்கறை என்று பூரித்துப்போனேன்.

மறுநாள் கிணற்றங்கரையில் தனியாக அழுதுகொண்டிருந்தார். "வாழவே புடிக்கல. ஏன்னு எனக்கே தெரில" என்றார். அந்தப் பாடம் எதற்கென்று அப்போதுதான் உறைத்தது.

உடனே டாக்டரிடம் ஓடினோம். சிலருக்கு இந்த மாத்திரையே மனச்சோர்வைத் தரலாம் என்றவர், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார்.

இப்போது எந்த மாத்திரை எழுதினாலும், "இது மனச இன்னா பண்ணும் டாக்டர்?" என்று கேட்டுவிடுகிறேன். கணவர் தேறிவிட்டார். ஆனாலும் அவர் வயலுக்குப் போனால், மோட்டார் சத்தம் காதில் விழும்வரை எனக்குக் கை ஓடுவதில்லை.